அப்பாவின் ஈமெயில் காலியாக இருக்கக் கூடாது

மல்லசமுத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் நான் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். பட்டா, சாதிச் சான்று, பென்ஷன், கல்லூரி விண்ணப்பம், ரயில் டிக்கெட் என்று எதைக் கேட்டாலும் போட்டுக் கொடுப்பேன். ஊரில் கம்ப்யூட்டரக்கா என்பார்கள். கோபக்காரி என்றும் சொல்வார்கள், அதில் பொய்யில்லை. ஆனால் அந்தக் கோபத்தில் பாதிக்குக் காரணம் திரையில் வருகிற ஒரு சிவப்பு வரிதான். "மின்னஞ்சல் காலியாக இருக்கக் கூடாது." இதை எழுதி வைத்தவன் என் கையில் கிடைத்தால் என் கடை நாற்காலியில் ஒரு நாள் உட்கார வைப்பேன்.

காட்டில் கடலைக்காய் பிடுங்கிக்கொண்டிருந்தவர் மண் கையோடு வந்து உட்காருவார். "ஈமெயில் இருக்குதுங்களா?" என்று கேட்பேன். "அதெல்லாம் நம்ம தோட்டத்துல இல்லீங்க சாமி" என்பார். அவரிடம் நான் என்ன சொல்ல? இல்லாததை இல்லை என்று விட்டால் ஃபாரம் நகராது. முன்பெல்லாம் அந்தக் கட்டத்தில் கீபோர்டின் இடைவெளிக் கட்டையை ஒரு தட்டுத் தட்டினால் போதும். ஒன்றும் இல்லாத இடத்தில் ஏதோ இருப்பதாக நம்பிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். பிறகு இந்த ஃபாரம் எழுதுகிறவர்களும் விவரமாகிவிட்டார்கள். வெறும் இடைவெளியைத் துடைத்துப் பார்த்து, உள்ளே ஒன்றுமில்லை என்று கண்டுபிடித்து, மறுபடியும் சிவப்பாக எழுதிக் காட்டியது. அட கெரகமே என்று என் கடை மெயில் விலாசத்தையே எல்லாருக்கும் போட ஆரம்பித்தேன்.

அதனால் ஊர் பாதிக் கடிதம் எனக்கு வரும். ஆள் செத்துப் போனது வங்கிக்குத் தெரியாது, இன்சூரன்ஸ்காரனுக்குத் தெரியாது. போன மாசம் எந்த வீட்டுக் காரியத்துக்குப் போய்த் தலைகாட்டிவிட்டு வந்தேனோ, அந்த மனிதருக்கு இந்த மாசம் பிறந்தநாள் வாழ்த்து வந்து நிற்கும். கேக்குப் படம், மெழுகுவத்தி, இன்னும் பல்லாண்டு வாழ்க. முதல் தடவை உடம்பு சிலிர்த்துவிட்டது. அப்புறம் பழகிவிட்டது. செத்தவர்களுக்கு மெயில் வருவதுதான் பழகியது. அந்தப் பக்கமிருந்து ஏதாவது வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

பிளஸ் டூ ரிசல்ட் வந்திருந்த சமயம். உச்சி வெயில் நேரத்தில், தெருவில் நாய் கூட இல்லாதபோது, ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். அம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும். வெண்ணந்தூர் போகிற வழியில் வீடு, விசைத்தறி ஓட்டுகிறாள். என்னைவிடப் பத்து வயதாவது இளையவள். பேச்சு எப்போதும் சத்தமாக இருக்கும், தறிச் சத்தத்திலேயே பேசிப் பழகிய தொண்டை. மகள் அவளுக்கு நேர் எதிர், கேட்டதற்கு மட்டும் வாய் திறப்பாள். நல்ல மார்க் வாங்கியிருந்தாள். கோயமுத்தூர் பக்கம் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பம் போட வேண்டும் என்றார்கள்.

அந்த அம்மாவின் புருஷனையும் எனக்குத் தெரியும். போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் டிரில்லர். இங்கிருந்து ரிக் ஏறினால் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று வடக்கே மாசக்கணக்கில் சுற்றிவிட்டு ஆயுத பூஜைக்குத்தான் ஊருக்கு வருவார்கள். ஒரு வருஷம் ரிக் வந்தது, அவர் வரவில்லை. வழியில் ஒரு ஊரில் வண்டி நின்றதாம். குளிக்கச் சோப்பு இல்லை என்று கடைக்கு இறங்கியவரை அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லையாம். போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். அவருடைய அண்ணன் அந்த ஊர் வரைக்கும் போய் ஆஸ்பத்திரி, ரயில்வே ஸ்டேஷன் எல்லாம் தேடிவிட்டு வந்தார். ஒரு துப்பும் இல்லை. மகள் அப்போது சின்னப் பிள்ளை. இப்போது என் கடையில் உட்கார்ந்து தன் மார்க்கைத் தானே சரிபார்க்கிறாள்.

"இந்த ஆடி அமாவாசைக்குக் காரியம் வெச்சுட்டாங்கக்கா" என்றாள் அம்மா, நான் கேட்காமலே.

எனக்குப் புரிந்துவிட்டது. புருஷனுடைய அண்ணன் மகனுக்கு ஆவணியில் கல்யாணம். காணாமல் போனவருக்குக் காரியம் முடிக்காமல் அந்த வீட்டில் பந்தல்கால் நடக் கூடாது என்று பெரியவர்கள் பேசி வைத்திருந்தார்கள். உடம்பு கிடைக்காதவர்களுக்கு ஒரு உருவம் செய்து வைத்துக் கருமாதி நடத்துவது உண்டு. நடத்தினால் இவள் தாலியைக் கழற்ற வேண்டும்.

"நீ என்ன சொன்ன?" என்றேன்.

"என்னத்தச் சொல்றதுங்க? எனக்கு ஒரே ஒரு வார்த்த வேணுமுங்கக்கா. இருக்கறாரு, இல்லாட்டி இல்ல. யாராச்சும் ஒருத்தரு வாயத் தொறந்து சொல்லீட்டாங்கன்னா இன்னைக்கே கழட்டிக் குடுத்துடறேன். யாருமே சொல்லாம நானா எப்படீங்க கழட்டறது?"

மௌசைப் பிடித்துக்கொண்டு ஃபாரத்தைத் திறந்தேன்.

பெயர், பிறந்த தேதி, சாதி, மார்க் எல்லாம் ஓடியது. அங்க அடையாளம் என்று ஒரு கட்டம். யாருக்கு வந்தாலும் நான் அதில் "வலது கையில் கருப்பு மச்சம்" என்றுதான் அடிப்பேன், யாரும் சட்டையைத் தூக்கிப் பார்க்கப் போவதில்லை. என் கணக்குப்படி இந்தத் தாலுகாவில் பிறந்த எல்லாருக்கும் வலது கையில் மச்சம் உண்டு. அடுத்த பக்கம் போனேன். தந்தை என்று தலைப்பு. அதன் கீழே இரண்டு பொட்டு. உயிருடன் உள்ளார். காலமானார். ஏதாவது ஒன்றைத் தொட்டாக வேண்டும்.

நான் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், காலமானார் என்ற பொட்டைத் தொட்டேன். அந்தக் குடும்பத்துக்குச் சுலபமாக இருக்குமே என்றுதான். தொட்டவுடன் கீழே இருந்த "தந்தையின் மின்னஞ்சல்" கட்டம் சாம்பல் நிறமாகிப் படுத்துவிட்டது. செத்தவருக்கு ஈமெயில் வேண்டாம். நியாயம்தான்.

"என்னுங்க அது மங்கிப் போச்சு?" என்றாள் அம்மா.

சொன்னேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அதெப்படீங்க? ஆடி அமாவாசைக்கு இன்னும் நாள் கெடக்குது. அதுக்குள்ள நீங்களே முடிச்சுட்டீங்களா? மாத்துங்கக்கா."

மாற்றினேன். உயிருடன் உள்ளார். உடனே அந்தக் கட்டம் வெள்ளையாகத் திறந்துகொண்டது, கூடவே சிவப்பு வரி. தந்தையின் மின்னஞ்சல் காலியாக இருக்கக் கூடாது. கடை விலாசத்தைப் போட்டேன். ஏற்கெனவே வேறொரு விண்ணப்பத்தில் உள்ளது என்றது. மகளுடையதைப் போட்டேன். மாணவியின் மின்னஞ்சலும் தந்தையின் மின்னஞ்சலும் ஒன்றாக இருக்கக் கூடாது என்றது. எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. "புதுசா ஒண்ணு ஆரம்பிச்சுப் போட்டுட்டாப் போச்சு" என்றேன்.

"எதுக்குப் புதுசுங்க? அவருக்குத்தான் ஒண்ணு இருக்குதுங்களே. லைசென்சு புதுப்பிக்கறப்ப நீங்கதான ஆரம்பிச்சுக் குடுத்தீங்க."

மறந்தே போயிருந்தேன். அவர் பெயரின் முதல் எழுத்தைத்தான் தட்டினேன். இத்தனை வருஷத்துக்கு நடுவில் கம்ப்யூட்டரையே மாற்றிவிட்டேன். அப்படியும் முழு விலாசமும் கட்டத்துக்குக் கீழே தானாக வந்து நின்றது, பெயரும் கடைசியில் ரிக் என்ற எழுத்துகளும். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் அமுக்கினேன்.

சிவப்பு போய்விட்டது. "உறுதிப்படுத்தும் இணைப்பு அனுப்பப்பட்டுள்ளது. தந்தை அதைத் திறந்து சரிபார்த்த பிறகே விண்ணப்பம் ஏற்கப்படும்" என்று வந்தது. "பாத்தியா, மாட்டிக்கிச்சு. இத யாரு தொறக்கறது? பாஸ்வேர்டு அவருக்குத்தான் தெரியும்" என்று அவளைத் திட்டினேன். சரி, நாளைக்குக் கல்லூரிக்குப் போன் பண்ணிக் கேட்கலாம் என்று சொல்லிவிட்டு, எதிர்க் கடையில் எலுமிச்சை சோடாவுக்குக் குரல் கொடுத்தேன்.

சோடா வருவதற்குள் திரை மாறிவிட்டது. பச்சையில் ஒரு டிக். தந்தையால் சரிபார்க்கப்பட்டது.

நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கழுத்துக்குப் பின்னால் வேர்த்து ஒழுகியது.

"என்னுங்கக்கா பச்சையா வந்துருக்குது?"

"சரிபார்த்தாச்சுன்னு வந்துருக்குது."

"யாருங்க பாத்தாங்க?"

மகள்தான், "அப்பா" என்றாள். கேள்வி மாதிரியும் இல்லை, பதில் மாதிரியும் இல்லை.

அம்மா திரையைத் தொட்டாள். பிறகு தன் போனில் அவருடைய பழைய நம்பருக்கு அடித்தாள். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று பதிவுக் குரல் சொன்னது. அவள் சொல்லச் சொல்ல அந்த விலாசத்துக்கு நான் மெயில் எழுதினேன். எங்க இருக்கறீங்க, உடம்பு நல்லா இருக்குதா, புள்ள பாஸாயிட்டா. அனுப்பிவிட்டுக் கடை சாத்துகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தறிக்குப் போகாமல் அம்மா தினமும் வந்து உட்கார்ந்தாள், நானும் தினமும் எழுதினேன். கடிதத்துக்கு ஒரு பதில் இல்லை. மகளுடைய ஃபாரத்துக்கு மட்டும் பட்டனை அமுக்கிவிட்டு அந்தப் பக்கம் யாரோ சும்மா இருந்தார்கள்.

பக்கத்துக் கடை பாயிடம் சொன்னேன். சேலத்துக்காரர், மொபைல் ரிப்பேர் பார்க்கிறவர், எதையும் பிரித்துப் பார்க்காமல் நம்ப மாட்டார். அவர் சிரித்தார். "அக்கா, இது மெஷின் வேலக்கா. லிங்க்ல வைரஸ் கிருஸ் இருக்குதான்னு மெயில் கம்பெனிக்காரனே ஒரு தட்டுத் தட்டிப் பாப்பான். அதுக்குள்ள நீங்க ஆளையே எழுப்பி உக்கார வெச்சுட்டீங்களே!"

எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. ஆனால் அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சொல்வதற்கு முன் ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிடலாம் என்று, ஒரு துணிக்கடையின் தள்ளுபடிக் கூப்பன் ஃபாரத்தில் அதே விலாசத்தைப் போட்டேன். அதிலும் இணைப்பு போகும், திறந்து உறுதி செய்தால்தான் கூப்பன். மெஷின் என்றால் இதையும் தட்ட வேண்டுமே? தட்டவில்லை. செருப்புக் கடை ஒன்றில் போட்டேன். அதுவும் அப்படியே கிடந்தது. பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஏனுங்க பாய், உங்க மெஷினுக்குத் துணிமணி வேண்டாமாம், புள்ள படிப்பு மட்டும் போதுமாம்" என்றேன். விளையாட்டாகத்தான் சொல்ல நினைத்தேன், குரல் விளையாட்டாக வரவில்லை. பாயும் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "அந்த அட்ரஸ உங்க கம்ப்யூட்டர்ல இருந்து அழிச்சிருங்க அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் அழிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு உச்சி வெயிலில் கடையில் தனியாக இருக்க எனக்குப் பயமாக இருந்தது. யாருடைய ஃபாரத்தையாவது நிரப்பிக்கொண்டிருப்பேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் உட்கார்ந்து என் கை அடிப்பதையே பார்த்துக்கொண்டிருக்கிறாரோ என்று தோன்றும். விரல் நின்றுவிடும். எதிரில் இருப்பவர், "என்னுங்க, நெட்டு ஸ்லோவா?" என்பார். ஆமாங்க என்பேன்.

ஒரு நாள் மகள் மட்டும் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். பின்னாலேயே அம்மா. கல்லூரியிலிருந்து மகளுக்குத் தகவல் வந்திருந்தது. உங்கள் விண்ணப்பத்தில் தந்தை ஒரு திருத்தம் செய்துள்ளார். என்ன திருத்தம் என்று அவளுக்குப் புரியவில்லை. நான் விண்ணப்பத்தைத் திறந்து, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். பெயர் அப்படியே இருந்தது. தேதி அப்படியே இருந்தது. அங்க அடையாளத்தில் நான் அடித்த மச்சம் இல்லை.

"இடது முழங்காலுக்குப் பின்புறம் தீத்தழும்பு" என்று இருந்தது.

நான் மகளைப் பார்த்தேன். அவள் குனிந்து கால்சட்டையைச் சுருட்டி, காலைத் திருப்பிக் காட்டினாள். முழங்கால் மடிப்பில் பழைய தழும்பு, புளியங்கொட்டை அளவு. நேராக நின்றால் தெரியாது. ஆயுத பூஜைக்கு வந்திருந்த ரிக்கைப் பார்க்க அவள் குழந்தையாக ஓடியபோது கம்ப்ரசர் பைப்பில் சுட்டுக்கொண்டதாம். அப்பாதான் தூக்கிக்கொண்டு ஓடினாராம். பள்ளிக்கூடச் சான்றிதழில் கூட அது கிடையாது.

"ஏண்டி, நீ மாத்துனயா?" என்று அம்மா மகளைப் பிடித்து உலுக்கினாள். "உண்மையச் சொல்லிப் போடு. என்னைய ஏமாத்தறயா?"

"என்ற படிப்பு மேல சத்தியமாம்மா, நான் இல்லம்மா!"

மகள் பக்கத்திலிருந்து அதை மாற்ற முடியாது, தந்தைக்குப் போன இணைப்பிலிருந்துதான் முடியும் என்று நான் எடுத்துச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அம்மா கையை எடுத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பெருங்கோபம் வந்தது அவளுக்கு. "உசுரோட இருக்கறாருங்கக்கா! உக்காந்து ஃபாரத்துல எழுத்துப் பிழை பாக்கறாருங்க. இத்தன வருசம் நான் கோயில் கோயிலா ஏறி எறங்கறேன், குறி கேக்கறேன், தறியில நின்னு காலு வீங்கிக் கெடக்கறேன். அவருக்குத் தழும்பு ஞாவகம் இருக்குது, நாங்க ஞாவகம் இல்ல!"

எனக்கும் கோபம்தான். அந்த மனிதர் எதிரில் நின்றிருந்தால் கேட்கக் கூடாததெல்லாம் கேட்டிருப்பேன். கூடவே ஒரு நடுக்கமும் இருந்தது. உயிரோடு இருக்கிறவர் எதற்கு இப்படி, செத்தவர் மாதிரி, ஒரு கட்டத்துக்குள்ளிருந்து மட்டும் எட்டிப் பார்க்க வேண்டும்?

அந்த விண்ணப்பத்தின் அடியில் குறிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. மாணவி எழுதினால் தந்தை பார்க்கலாம், தந்தை எழுதினால் மாணவி பார்க்கலாம். அதுவரை நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. அம்மா அதைக் கேட்டதும், "இதுல எழுதுங்கக்கா. மெயிலத்தான் தொடமாட்டேங்கறாரு, இதப் பாப்பாரு" என்றாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, எதிரில் ஆள் இருப்பது போலவே திரையைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆடி அமாவாசைக்கு உங்களுக்குக் காரியம் வெச்சுருக்கறாங்க. நான் ஒத்துக்கோணுமா வேண்டாமா? வாரீங்களா இல்லீங்களா? ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்."

அப்படியே அடித்தேன். ஒரு எழுத்தும் மாற்றவில்லை. அனுப்பினேன்.

அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. அந்த வாரம் முழுக்க ஒன்றும் வரவில்லை. ஆடி பிறந்துவிட்டது. அண்ணன்காரர் காரியத்துக்கு ஆள் சொல்லிவிட்டார், ஒறம்பரை, சொந்தபந்தத்துக்கெல்லாம் தகவல் போய்விட்டது. இவள் தறிக்குப் போகிற வழியில் கடை வாசலில் நின்று என் முகத்தை ஒரு பார்வை பார்ப்பாள், நான் தலையை ஆட்டுவேன், போய்விடுவாள். அப்படி ஒரு பகலில் நின்றபோது மகளும் கூட இருந்தாள். சரி, உள்ளே வாங்க, ஒரு தடவை திறந்து பார்த்துவிடலாம் என்று விண்ணப்பத்தைத் திறந்தேன். வெயிலுக்குப் பாதிக் கதவு சாத்தியிருந்தது. திறந்தபோது குறிப்புக் கட்டத்தில் எங்கள் வரி மட்டும்தான் இருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்குக் கீழே ஒரு வார்த்தை வந்தது.

வாரேன்.

அவ்வளவுதான். பெயர் இல்லை, எங்கிருந்து என்று இல்லை, எப்போது என்று இல்லை.

மகள் கத்தியே விட்டாள். "அம்மா! அப்பா வாராராம்மா! பாத்தயா, வாரேன்னு போட்டுருக்குது!" அவள் அப்படிச் சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அம்மாவைக் கட்டிக்கொண்டாள், என் கையைப் பிடித்து ஆட்டினாள். "பெரியப்பாகிட்டச் சொல்லீர்றேன், காரியம் வேண்டாம்னு சொல்லீர்றேன்" என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே வெயிலுக்கு ஓடினாள்.

எனக்கும் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. "எப்பன்னு கேக்கலாமா?" என்று சொல்லிக்கொண்டே அந்த விலாசத்துக்கு ஒரு மெயில் தட்டினேன். எப்ப வாரீங்க? அனுப்பின வேகத்தில் ஒன்று திரும்பி வந்தது. அவர்தான் பதில் போட்டுவிட்டார் என்று துள்ளித் திறந்தேன். ஆங்கிலத்தில் இருந்தது. இப்படி ஒரு முகவரி கிடையாது என்று இருந்தது. நேற்று வரைக்கும் நான் அனுப்பியதெல்லாம் போய்ச் சேர்ந்த விலாசம். எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து இன்னொரு தடவை அனுப்பினேன். அதே பதில். கணக்கையே மூடிவிட்டார்.

"என்னுங்க எழுதியிருக்குது?" என்றாள்.

பொய் சொல்ல வாய் வரை வந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், சொல்லிவிட்டேன்.

அவள் அந்த ஒரு வார்த்தையையே பார்த்தாள். எங்கள் பக்கத்தில் யாரும் போறேன் என்று சொல்லிவிட்டுப் படி இறங்க மாட்டார்கள். சந்தைக்குப் போனாலும் வாரேன், சண்டை போட்டுக்கொண்டு போனாலும் வாரேன். வருகிறவர்களும் அதைத்தான் சொல்வார்கள், போகிறவர்களும் அதைத்தான் சொல்வார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு என்னைவிட முன்னாலேயே உறைத்திருக்கிறது.

"அன்னைக்கு ரிக்கு ஏறும்போதும் இதத்தானுங்கக்கா சொன்னாரு" என்றாள். தறிக்காரியின் சத்தமான குரல் இல்லை. பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

வெளியே மகள் போனில் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் பேசுவது கேட்டது. "ஆமாங்க பெரியப்பா, அவரே எழுதியிருக்கறாரு, வாரேன்னு." அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிடட்டுமா என்று நான் கண்ணாலேயே கேட்டேன். அம்மா வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"காரியத்துக்கு என்ன பண்ணப் போற?" என்றேன்.

"உசுரோட இருக்கறவருக்கு யாருங்க காரியம் பண்ணுவாங்க?" என்றாள். தாலிக்கொடியை ஜாக்கெட்டுக்குள் தள்ளிவிட்டுக்கொண்டாள். "கழட்டவும் முடியாது, காத்துட்டு இருக்கவும் முடியாது. ஒரு வார்த்த கேட்டேன், குடுத்துட்டாருங்க."

மகள் பாதிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் வெயிலும் கண்ணீரும். "பெரியப்பா காரியத்த நிறுத்தறேன்னுட்டாரும்மா! அப்பா நெசமாலுமே வாராரு இல்லம்மா?"

"ஆமா சாமி, வாராராம்" என்றாள் அம்மா. சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் திரையை அணைத்தேன்.

மகள் முன்னால் நடந்தாள். அம்மா பையை எடுத்துக்கொண்டு படி வரைக்கும் போனாள். எப்போதும் போலச் சொல்லிவிட்டுப் போக என் பக்கம் திரும்பி வாயெடுத்தவள், அந்த வார்த்தை வராமல் அப்படியே நின்றாள்.

"போறேனுங்கக்கா" என்றாள்.

போயிட்டு வா என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.